மூன்றாம் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்: வெளிநாட்டில் ஃபேஷன் எழுதத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், கோயம்புத்தூரிலிருந்து லண்டனுக்கு மேற்படிப்புக்காக வந்திருக்கும் ஒரு பெண், ஓர் ஒப்பந்தத்தின் நான்கு பக்கங்களையும் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒரு துணி நிறுவனம் அவளுடைய வலைப்பதிவைப் பார்த்துவிட்டு, தன் கோட்டை அணிந்து படங்கள் எடுத்துத் தரும்படி கேட்டிருந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, இந்தக் கோட்டுக்குள்ள என்ன போட்டா எடுப்பா இருக்கும்?" ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். 2015-இல் நான் கையெழுத்திட்ட அதே வாசகம், ஏறக்குறைய அதே சொற்களில், அங்கே இருந்தது.

அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன். நல்ல படம் எடுங்கள், வாரம் தவறாமல் எழுதுங்கள், பிறருடைய படத்தைத் திருடாதீர்கள் என்பவற்றையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள்; அவற்றை விட்டுவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக லண்டனில் இருந்து எழுதிவரும் நான், புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்து வருந்தும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

விசாவை மறந்துவிட்டு வருமானத்தை எண்ணுவது

அந்தப் பெண்ணுக்கு நான் முதலில் சொன்ன பதில் கோட்டைப் பற்றியதன்று. பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர்கள் சுயதொழில் செய்யக் கூடாது. பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வகுப்புகள் நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டே என்று பலர் கேட்கிறார்கள். அந்த அனுமதி ஒருவரிடம் ஊழியராகச் சேர்ந்து சம்பளம் வாங்குவதற்கானது. ஒரு நிறுவனத்துக்கு நாமே விலைச்சீட்டு (இன்வாய்ஸ்) அனுப்பிப் பணம் பெறுவது சுயதொழில். பணத்துக்குப் பதிலாகத் துணி கொடுத்தாலும் அது கூலியாகவே பார்க்கப்பட இடமுண்டு என்பதால், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிடம் கேட்காமல் எதையும் பெற்றுக்கொள்ள வேண்டாம். எழுதுவதற்கும் படம் போடுவதற்கும் தடையில்லை. அதைத் தொழிலாக்குவதற்குத்தான் தடை. படிப்பு முடிந்தபின், 2021 ஜூலையில் தொடங்கப்பட்ட பட்டதாரி விசாவுக்கு மாறினால் சுயதொழிலுக்கு அனுமதி உண்டு.

நான் 2013-இல் கணவரின் வேலை விசாவில் துணையாக வந்தவள். எனக்கு இந்தத் தடை இருக்கவில்லை. அதனாலேயே, என்னைப் பார்த்து "அந்த அக்கா செய்கிறாரே" என்று யாரும் தொடங்கிவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். விசா விதியை மீறியதாகப் பதிவாகிவிட்டால், பறிபோவது ஒரு கோட்டுக்கான பணம் மட்டுமன்று. பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய கல்லூரிக் கட்டணமும் படிப்பும் சேர்ந்தே போகும்.

வரி

ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, சுயதொழிலில் 1,000 பவுண்டுக்கு மேல் வந்தால், அந்த ஆண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5-க்குள் வரித்துறையிடம் பதிவு செய்யுங்கள். அதற்கடுத்த ஜனவரி 31-க்குள் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். வேலைக்குக் கூலியாக வந்த பொருள்களின் மதிப்பையும் கணக்கில் சேருங்கள்.

படத்தின் உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுப்பது

எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

2015 பிப்ரவரி ஃபேஷன் வாரம் முடிந்த சில நாள்களில், ஓர் ஆடை நிறுவனத்திடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. கடுகு மஞ்சள் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று, பன்னிரண்டு படங்கள், 350 பவுண்டு. அதுவரை எனக்கு இலவசத் துணி வந்திருக்கிறதே தவிரப் பணம் வந்ததில்லை. ஒப்பந்தத்தைப் பேருந்தில் வரும்போது கைப்பேசியில் திறந்தேன். முதல் பக்கத்தில் இருந்த தொகையையும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடும் இடத்தையும் மட்டுமே பார்த்தேன். வீட்டு நிறுத்தம் வருவதற்குள் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

படங்களை எடுத்தவள், எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்த என் தோழி. லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், ஒரு காலத்தில் பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த பழைய வீடுகள் நிற்கும் தெரு ஒன்றில், காலை வெயில் சுவரில் விழும் அரை மணி நேரத்துக்காகக் காத்திருந்து எடுத்தாள். கோட்டுக்குள்ளே நான் அம்மாவின் மதுரைச் சுங்குடிச் சேலையைக் கட்டியிருந்தேன். ஒவ்வொரு புள்ளியும் துணியை விரல் நுனியில் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து எடுத்தது. முடிச்சு இருந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாமல், சிறு சிறு வெள்ளை வளையங்களாகத் தெரியும். கோட்டைவிட எனக்கு அந்தப் புள்ளிகளைக் காட்டுவதில்தான் ஆசை.

2016 அக்டோபரில் என் சித்தி மகள் சிங்கப்பூரிலிருந்து அழைத்தாள். எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையத்தில் ஆளுயரத்துக்கு என் படம் இருப்பதாகச் சொல்லி, மகிழ்ச்சியோடு அதைப் படம் எடுத்தும் அனுப்பினாள். பார்த்தேன். முகம் என்னுடையது, கோட்டு அந்த நிறுவனத்தின் அடுத்த ஆண்டுக் கோட்டு, சேலையில் ஒரு புள்ளிகூட இல்லை. கோட்டின் நிறத்துக்குப் பொருந்தும்படி கணினியில் சேலை முழுவதையும் வெறும் பழுப்பாக்கி, அம்மாவின் சுங்குடியை ஏதோ ஒரு போர்வையைப் போல ஆக்கியிருந்தார்கள். நிறுவனத்துக்கு எழுதினேன். மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரம்பின்றி, திரும்பப் பெற முடியாதபடி, எந்த மாற்றமும் செய்துகொள்ளும் உரிமையோடு, மேற்கொண்டு பணம் ஏதும் கேட்காமல் அந்தப் படங்களை நான் கொடுத்துவிட்டதாக அங்கே எழுதியிருந்தது. அதற்கு அடுத்த பத்தியில், ஆறு மாதங்களுக்கு வேறு எந்த நிறுவனத்தின் கோட்டையும் அணிந்து படம் வெளியிட மாட்டேன் என்ற உறுதிமொழியும் இருந்தது. அந்தப் பத்தியால் 2015 ஜூனில் வேறொரு நிறுவனம் இலையுதிர்காலக் கோட்டுகளுக்காகத் தர முன்வந்த 2,400 பவுண்டை நான் ஏற்கெனவே மறுக்க நேர்ந்திருந்தது. ஆனால் இவற்றைவிடக் கொடிய பத்தி ஒன்று அதற்கும் கீழே இருந்தது: படங்களின் முழு உரிமையும் என்னிடமே உள்ளது என்றும், அதில் யாரேனும் உரிமை கோரினால் ஏற்படும் நட்டத்தை நானே ஈடு செய்வேன் என்றும் நான் உறுதி கூறியிருந்தேன்.

அந்த உரிமை என்னிடம் இருக்கவே இல்லை. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படத்தின் முதல் உரிமையாளர் அதை எடுத்தவர். படத்தில் இருப்பவர் அல்லர். எடுத்தவர் ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எடுத்திருந்தால்தான் உரிமை முதலாளிக்குப் போகும். மற்றபடி, எடுத்தவர் எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தாலொழிய உரிமை கைமாறாது. காசு வாங்காமல், குளிரில் நின்று படம் எடுத்துக் கொடுத்த என் தோழியின் சொத்தை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் விற்றிருந்தேன். வழக்கறிஞர் ஒருவரிடம் இருவருமாகப் போனோம். தோழி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடரலாம், ஆனால் நிறுவனம் அந்த நட்டத்தை ஒப்பந்தப்படி என்னிடம் கேட்கும் என்று அவர் விளக்கினார். தோழி என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்குப்பின் அவள் எனக்குப் படம் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு வீடு மாறிப் போனவளோடு இப்போது பேச்சும் இல்லை.

ஆகையால் இதை அழுத்திச் சொல்கிறேன். படம் எடுத்துத் தருவதற்கான கூலி வேறு. அந்தப் படத்தை நிறுவனம் பயன்படுத்திக்கொள்வதற்கான கட்டணம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பயன்பாட்டு உரிமையில் எந்த ஊடகம், எந்த நாடு, எத்தனை மாதம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். "நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களில், பிரிட்டனில், மூன்று மாதங்கள்" என்பது புதியவருக்கு நியாயமான தொடக்கம். சுவரொட்டியோ, பேருந்து நிறுத்த விளம்பரமோ, உங்கள் சமூக ஊடகக் கணக்கின் வழியாகவே பணம் கட்டி ஓட்டும் விளம்பரமோ வேண்டுமென்றால், அதற்குத் தனித் தொகை கேளுங்கள். போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது என்றால், அந்த மாதங்களில் நீங்கள் இழக்கக்கூடிய வருமானத்துக்கு அவர்கள் விலை தர வேண்டும். மாற்றம் செய்யும் உரிமையை அளவு வெட்டுவதோடும் வெளிச்சத்தைச் சரிசெய்வதோடும் நிறுத்துங்கள். படம் எடுப்பவரிடம், அவர் தம்பியாகவே இருந்தாலும், ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவருக்குரிய பங்கையும் அதிலேயே எழுதுங்கள்.

இப்படித் திருத்தம் கேட்டால் வாய்ப்பே போய்விடும் என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள். நானும் அஞ்சினேன். 2017 முதல் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் "காலவரம்பின்றி" என்ற சொல்லை அடித்துவிட்டு மாதக்கணக்கை எழுதித் திருப்பி அனுப்புகிறேன். பெரும்பாலான நிறுவனங்கள் மறுநாளே ஒப்புக்கொண்டிருக்கின்றன. எல்லாருக்கும் அனுப்பும் ஒரே படிவத்தில் கிடக்கும் வாசகம் அது. யாரும் கேட்காததால் அப்படியே கிடக்கிறது.

பணம் தாமதமானால் கெஞ்ச வேண்டியதில்லை. 1998-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு நிறுவனம் தர வேண்டிய பாக்கிக்கு இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் வட்டி கேட்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. விலைச்சீட்டின் அடியில் அந்த ஒரு வரியை எழுதி வையுங்கள்.

பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்குவது

வேண்டாம்.

விளம்பரம் என்று சொல்லாமல் விடுவது

பணம் வாங்கினாலும் பொருள் வாங்கினாலும், அது விளம்பரம் என்பதை வாசகர் முதல் பார்வையிலேயே அறியும்படி எழுத வேண்டும். பதிவின் அடியில் இருபது ஹேஷ்டேகுகளுக்கு இடையே ஒளித்து வைப்பதையோ, "நன்றி" என்று மட்டும் போடுவதையோ பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஏற்பதில்லை. 2019 ஜனவரியில் பிரபலங்கள் 16 பேர் இனி ஒழுங்காகக் குறிப்பிடுவோம் என்று நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான போட்டி மற்றும் சந்தை ஆணையத்திடம் எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் செய்யாதீர்கள். உங்கள் சொல்லை நம்பி ஒருத்தி தன் மாதச் சம்பளத்தில் ஒரு பையை வாங்குகிறாள். உங்களுக்கு அது இலவசமாக வந்தது என்பதை அறியும் உரிமை அவளுக்கு உண்டு.

இரவல் ஆடை

படம் எடுப்பதற்காக நிறுவனங்கள் இரவல் தரும் மாதிரி ஆடைகள் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். உங்களுக்கு அடுத்து ஏதோ ஒரு பத்திரிகை அதற்காகக் காத்திருக்கிறது. சொன்ன நாளில், வாங்கிய உறையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பதிவு செய்தால் உள்ளே விடுவார்கள் என்று நம்புவது

வடிவமைப்பாளர்கள் தங்கள் புதிய ஆடைகளை மேடையில் காட்டும் லண்டன் ஃபேஷன் வாரம் 1984-இல் தொடங்கியது. பிரிட்டிஷ் ஃபேஷன் கவுன்சில் அதை நடத்துகிறது. பிப்ரவரியும் செப்டம்பரும் அதன் முக்கிய மாதங்கள். கவுன்சிலிடம் ஊடகராகப் பதிவு செய்துகொள்வது முதல் படி மட்டுமே. ஒவ்வொரு காட்சிக்கும் யாரை அழைப்பது என்பதை அந்தந்த வடிவமைப்பாளரின் மக்கள் தொடர்பு அலுவலகம் தீர்மானிக்கிறது. ஐந்தாறு வாரங்களுக்கு முன்பே, ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக, அந்த வடிவமைப்பாளரைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைச் சுட்டிக்காட்டி எழுத வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதில் பயனில்லை.

2009-இல் மிலானில் டோல்சே & கபானா காட்சியின் முன்வரிசையில் பிளாகர்களை மடிக்கணினியோடு உட்கார வைத்ததைப் படித்துவிட்டு, அடுத்த பருவத்திலேயே தங்களுக்கும் முன்வரிசை கிடைக்கும் என்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். அங்கே உட்கார்ந்திருந்த ஸ்காட் ஷூமன் 2005 முதல் தெருத்தெருவாக நின்று படம் எடுத்தவர். அதே காலத்தில் பெயர்பெற்ற லண்டன் பிளாகர் சுசானா லாவ் 2006 முதல் விடாமல் எழுதி வந்தவர். எனக்கு முதல் மூன்று பருவங்களிலும் நின்று பார்க்கும் அனுமதிச் சீட்டுதான் கிடைத்தது.

பருவத்தைக் குழப்புவது

செப்டம்பர் மேடையில் வருபவை அடுத்த ஆண்டின் வசந்த, கோடைக்கால ஆடைகள்; பிப்ரவரியில் வருபவை அந்த ஆண்டின் இலையுதிர், குளிர்கால ஆடைகள். "இந்தக் குளிருக்கு எது அணியலாம்" என்று செப்டம்பர்க் காட்சியை வைத்து எழுதாதீர்கள்.

காட்சியைக் கைப்பேசியின் வழியாக மட்டுமே பார்ப்பது

ஒரு காட்சி அரை மணி தாமதமாகத் தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடமும் கையைத் தூக்கிக் காணொளி எடுப்பவர்களுக்குத் தையலும் தெரிவதில்லை, துணியும் தெரிவதில்லை. அதைவிடத் தெளிவான காணொளியை நிறுவனமே அன்று மாலைக்குள் வெளியிட்டுவிடும். ஒரு குறிப்பேடு கொண்டு போங்கள். மறுநாள் ஆடைகளை வாங்குபவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் காட்டும் கூடத்துக்கு நேரம் கேட்டுப் போங்கள்; அங்கேதான் துணியைத் தொட்டுப் பார்க்க முடியும்.

ஒரு செப்டம்பரில் அப்படிப் போனேன். முந்தைய நாள் மேடையில் வந்த கட்டம் போட்ட சட்டை ஒன்றை, என் அருகில் நின்றவர்கள் ஸ்காட்லாந்துக் கட்டம் என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் அதன் முன்பக்க ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன். மெல்லிய பருத்தி; உள்பக்கமும் வெளிப்பக்கத்தைப் போலவே அடர்ந்த நிறத்தில் இருந்தது. அச்சிட்டிருந்தால் உள்பக்கம் வெளிறியிருக்கும். நூலுக்கே சாயமேற்றி நெய்தால்தான் இரு பக்கமும் ஒன்றாக வரும். தாத்தாவின் கைலியை மடித்து வைத்தே வளர்ந்த எனக்கு, அது மெட்ராஸ் கட்டம் என்பது விரலுக்குத் தெரிந்தது. எங்கே நெய்தது என்று அங்கிருந்த உதவியாளரிடம் கேட்டேன். அவர் உள்ளே போய்த் துணிச்சீட்டை எடுத்து வந்து, தமிழ்நாட்டில் கைத்தறியில் நெய்தது என்று படித்துச் சொன்னார். அன்றிரவு அந்த ஒரு சட்டையைப் பற்றி மட்டும் எழுதினேன். அடுத்த பிப்ரவரியில் அதே அலுவலகத்திலிருந்து வந்த அனுமதிச் சீட்டில், முதல் முறையாக, இருக்கை எண் இருந்தது.