பழைய போர்க்கப்பல மியூசியமா வைக்கப்போறீங்களா? முதல்ல தண்ணிக்கு அடியில பாருங்க

கப்பல் கிடைச்சிருச்சு, கரையோரம் கட்டிட்டா டிக்கெட் காசு கொட்டும்னு நினைச்சு இறங்குறாங்க. ஆனா இது யானையக் கட்டித் தீனி போடுற வேலை, அதுலயும் இந்த யானை நின்ன இடத்துலயே கால்ல இருந்து கரைஞ்சிட்டே இருக்கும். 1997ல ஓய்வு பெற்ற நம்ம விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் மும்பைல கொஞ்ச வருஷம் மியூசியமா இருந்துச்சு, பாதுகாப்பு இல்லன்னு 2012ல மூடுனாங்க, 2014ல உடைக்க வித்துட்டாங்க. அவ்ளோ பேரு இருந்த கப்பலுக்கே அந்த கதி.

அதனால முதல் வேலை, டிரை டாக்ல, அதாவது தண்ணிய வெளியேத்திட்டு கப்பல ரிப்பேர் பண்ற தொட்டியில ஏத்தி அடிப்பாகத்த முழுசா பாக்குறது. அல்ட்ராசவுண்ட் மெஷின் வச்சு தகட்டோட தடிமன இடம் இடமா அளந்து குறிச்சு வைங்க, பத்து வருஷம் கழிச்சு திரும்ப அளக்கும்போது எங்க தேயுதுன்னு தெரியணும்ல. தண்ணிமட்டக் கோட்டுகிட்ட இன்னும் நெருக்கமா அளங்க, காத்தும் தண்ணியும் மாறி மாறி படுற இடம், துரு அங்கதான் வேகமா திங்கும். இஞ்சின கூலாக்க கடல்தண்ணி இழுக்குற ஓட்டைங்க அடியில நிறைய இருக்கும், இனிமே இஞ்சின் ஓடப்போறதில்ல, எல்லாத்தையும் தகடு வச்சு வெல்டிங் பண்ணி அடைச்சிருங்க. வால்வ மூடியாச்சே போதும்னு விட்றாதீங்க, வால்வும் நாளாக நாளாக அரிச்சுப் போகும். அப்புறம் நல்ல பெயிண்ட், அதோட கப்பலுக்கு பதிலா தான் கரைஞ்சு போற உலோகக் கட்டிங்க. உப்புத்தண்ணின்னா ஜிங்க் இல்ல அலுமினியம், ஆத்துத்தண்ணின்னா மெக்னீசியம். இத மாத்திப் போட்டா காசு தண்டம்.

எங்க வைக்கிறதுன்னு கேட்டா என் ஓட்டு தண்ணிய விட்டு வெளிய எடுக்குறதுக்குதான். ஜப்பான்ல மிகாசா போர்க்கப்பல யோகோசுகா கரையில கான்கிரீட்ல பதிச்சே வச்சுட்டாங்க, விசாகப்பட்டினத்துல குர்சுரா நீர்மூழ்கிய பீச்சுலயே ஏத்தி 2002ல திறந்தாங்க. இங்கிலாந்துல விக்டரிங்கற மரப் போர்க்கப்பல் 1922ல இருந்து டிரை டாக்லதான் நிக்குது, ஆனா தண்ணி தாங்குன எடைய இப்ப முட்டுக்கட்டைங்க தாங்கணும், தாங்குற இடம் கம்மியா இருந்தா மரம் அங்கயே நசுங்கி உருவமே தொய்ஞ்சிரும். மிதக்கத்தான் விடணும்னா லண்டன்ல நிக்கிற பெல்ஃபாஸ்ட் கப்பல் மாதிரி ஆத்துல வைக்கலாம், ஆனா கப்பல சுத்தி சேறு சேருதான்னு கண்காணிங்க, சேத்துல உக்காந்துட்டா அப்புறம் ரிப்பேருக்கு லேசுல இழுத்துட்டுப் போக முடியாது.

கீழ மட்டும் இல்ல, மேல இருந்தும் தண்ணி வரும். மரப்பலகை டெக்ல விழுற மழை இடுக்கு வழியா இறங்கி யாரும் போகாத ரூம் மூலையில தேங்கும், வெளிய பளபளன்னு பெயிண்ட் அடிச்சிருப்பீங்க, உள்ள இருந்து அரிச்சிட்டிருக்கும். மூடி வச்ச ரூம்ல ஈரப்பதத்த இழுக்குற மெஷின் ஓடட்டும், மாசம் ஒருதடவை ஒருத்தர் டார்ச்சோட எல்லா மூலைக்கும் போய் வரட்டும். கீழ்த்தளத்துல தண்ணி ஏறுனா கத்துற அலாரம், தனி கரண்ட்ல ஓடுற பம்ப், ரெண்டும் கட்டாயம். 2022 ஏப்ரல்ல அமெரிக்காவோட பஃபலோ ஊர்ல தி சல்லிவன்ஸ் மியூசியம் கப்பல் கட்டுன இடத்துலயே ஒரு பக்கம் சாஞ்சு பாதி மூழ்குச்சு.

ஆளுங்கள உள்ள விடுறதுக்கு முன்னாடி ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயிண்ட், மிச்ச எண்ணெய் எல்லாம் எங்கெங்க இருக்குன்னு ஆள் வச்சு பாத்து எடுக்கவோ மூடி சீல் வைக்கவோ செய்யணும். ஏணி செங்குத்தா இருக்கும், வழி குறுகல், அதனால ஒவ்வொரு தளத்துக்கும் ரெண்டு வெளிய போற வழி வைங்க, அதுக்காக கண்ட இடத்துல சுவர வெட்டாதீங்க, வெட்டுனா திரும்ப வராது. பெரிய பீரங்கிய பாத்து போட்டோ எடுத்துட்டு ஜனங்க நகர்ந்துருவாங்க, சமையல்கூடத்துலயும் அடுக்குக் கட்டில்லயும்தான் நிப்பாங்க, அதனால அங்க வாழ்ந்தவங்க இருக்கும்போதே அவங்க குரல பதிவு பண்ணிருங்க.

காசு விஷயம். டிக்கெட், கல்யாண பார்ட்டி, ஷூட்டிங், பசங்க ராத்திரி தங்குற கேம்ப் எல்லாம் சேந்தா சம்பளமும் கரண்ட் பில்லும் ஓடும், டிரை டாக் செலவு அதுல வராது. டெக்சாஸ் போர்க்கப்பல் 1948ல இருந்து மியூசியம், 2022ல டிரை டாக்குக்கு போனதுக்கு பின்னாடி மாநில அரசு குடுத்த 3.5 கோடி டாலர் இருந்துச்சு. முதல் டிக்கெட் விக்குற அன்னைக்கே டிரை டாக் செலவுக்குன்னு தனி கணக்கு ஒண்ணு திறந்து, சம்பளம் பாக்கி நின்னாலும் அதுல கை வைக்காதீங்க. கப்பல குடுக்குறவங்ககிட்ட கையெழுத்து போடும்போது, நாளைக்கு காப்பாத்த முடியலன்னா உடைக்கிற செலவு யாரோடதுன்னு அந்த பேப்பர்லயே எழுதி வாங்கிருங்க.