சீனாவில் பொருள் செய்விக்கும் முன்: வடிவமைப்பு உரிமையைக் கைநழுவ விடாமல் காப்பது எப்படி?

புளூடூத் ஸ்பீக்கரோ, டிரோனோ, குழந்தைகளுக்கான ஸ்மார்ட் வாட்சோ, எதைத் தயாரிக்க நினைத்தாலும், அதன் வெளிக்கூட்டை வார்க்கும் அச்சான மோல்டு முதல் உள்ளே வைக்கும் பேட்டரி வரை ஓரிரு நாட்களில் விலை பேசி முடித்துவிடக்கூடிய இடம் இன்றைக்கும் சீனாவின் ஷென்சென், டோங்குவான் வட்டாரம்தான். கூலி குறைவு என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. மோல்டு வெட்டுபவர், பிளாஸ்டிக் வார்ப்பவர், சர்க்யூட் போர்டில் சிப் பொருத்துபவர், அட்டைப்பெட்டி அச்சிடுபவர் ஆகிய அனைவரும் அருகருகே இருப்பதும், குறைந்துபோன ஓர் உதிரிபாகத்தை அன்று மாலையே ஹுவாசியாங்பெய் சந்தையில் வாங்கிவிட முடிவதும்தான் அந்த வட்டாரத்தின் பலம். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன்கள் உருவாகும் இன்றைய நிலையிலும், அவற்றுக்கான உதிரிபாகங்களிலும் இயந்திரங்களிலும் கணிசமான பங்கு சீனாவிலிருந்தே வருகிறது. ஆப்பிளுக்கே இதுதான் நிலை என்றால், சில ஆயிரம் எண்ணிக்கையில் பொருள் செய்விக்கும் சிறு நிறுவனத்துக்கு வேறு வழி எளிதில் வாய்க்காது. எனவே, அங்கே போய்ப் பொருளைச் செய்துகொண்டு, அதன் வடிவத்தின் மீதான உரிமையை மட்டும் இழக்காமல் திரும்புவது எப்படி என்பதையே இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஓர் அடிப்படை. ஒரு சாதனம் எப்படி இயங்குகிறது என்பதைக் காப்பது கண்டுபிடிப்புக் காப்புரிமை. அது கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறது என்பதைக் காப்பது வடிவமைப்புக் காப்புரிமை. சீனாவில் பிந்தையதை வழங்குவது அந்நாட்டின் தேசிய அறிவுசார் சொத்து நிர்வாகம். விண்ணப்பத்தின் அமைப்பும் படங்களும் சரியாக உள்ளனவா, வெளிப்படையான குறை ஏதும் உண்டா என்று அங்கே தொடக்கநிலைச் சோதனை மட்டுமே நடக்கிறது. வடிவம் உண்மையிலேயே புதியதா என்ற ஆழமான ஆய்வு நடப்பதில்லை. அதனால் சில மாதங்களிலேயே காப்புரிமை கைக்கு வந்துவிடும். 2021 ஜூன் 1 முதல் இதன் காலம் 10 ஆண்டுகளிலிருந்து, விண்ணப்பித்த நாள் தொட்டு 15 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. இந்த எளிமை உங்களுக்கு எவ்வளவு உதவுமோ, அவ்வளவு உங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்ட எவருக்கும் உதவும் என்பதை எந்தக் கட்டத்திலும் மறந்துவிடக் கூடாது.

பெரிய நிறுவனங்களும் இதில் சிக்கியிருக்கின்றன. ஷென்சென் பைலி என்ற சிறிய செல்போன் நிறுவனம், தன் 100சி போனின் வடிவமைப்புக் காப்புரிமையை ஐபோன் 6 மீறிவிட்டதாகப் புகார் செய்தது. 2016-இல் பெய்ஜிங் நகரின் அறிவுசார் சொத்து அலுவலகம் அதை ஏற்று, ஐபோன் 6, 6 பிளஸ் ஆகியவற்றை அந்நகரில் விற்கத் தடை உத்தரவு பிறப்பித்தது. ஆப்பிள் நீதிமன்றம் சென்றது; 2017 மார்ச்சில் பெய்ஜிங் அறிவுசார் சொத்து நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கறிஞர் படை வைத்திருக்கும் ஆப்பிளால் அதைத் தாங்க முடிந்தது. சிறு நிறுவனம் ஒன்றுக்கு அப்படி ஒரு விற்பனைத் தடை வந்திருந்தால், தீர்ப்பு சாதகமாக வரும் நாளில் நிறுவனமே மிஞ்சியிருக்காது.

எவருக்கும் காட்டுவதற்கு முன் பதிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால், இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவம் வெளியுலகுக்குத் தெரிந்துவிட்டால் சீனாவில் அதன் புதுமை போய்விடும். அமெரிக்காவில், நீங்களே வெளியிட்டிருந்தாலும், 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்கலாம். சீனாவில் உள்ள சலுகை 6 மாதங்கள்தான்; அதுவும் அரசு ஏற்பளித்த சில சர்வதேசக் கண்காட்சிகள், உங்கள் அனுமதியின்றி வேறொருவர் வெளியிட்டது போன்ற மிகச் சில சூழல்களுக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் இணையதளத்தில் ஏற்றிய படமோ, மக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வெளியிட்ட காணொளியோ அதில் அடங்காது.

இந்த விதியின் கடுமையை ஜாகுவார் லேண்ட்ரோவர் பட்டு உணர்ந்தது. ரேஞ்ச்ரோவர் எவோக் காரை அது 2010 டிசம்பரில் குவாங்சோ கண்காட்சியில் வைத்தது. சீனாவில் வடிவமைப்புக்கு விண்ணப்பித்ததோ 2011 நவம்பரில். பிறகு அச்சு அசலாக அதே தோற்றத்தில் லேண்ட்விண்ட் எக்ஸ்7 என்ற சீனக் கார் வந்தபோது, எவோக்கின் காப்புரிமையே 2016-இல் செல்லாததாக்கப்பட்டது. விண்ணப்பத்துக்கு முன்பே கார் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்டது என்பதே காரணம். நகலெடுத்த நிறுவனத்தின் காப்புரிமையும் ரத்தானது உண்மைதான். ஆனாலும் நியாயமற்ற போட்டி என்ற வேறு வழியில் வழக்காடி, பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்றில் ஜாகுவார் வெற்றி பெற 2019 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது. செல்போன் உறையோ இயர்போனோ அத்தனை ஆண்டுகள் சந்தையில் நிற்காது. 2015 டிசம்பரில் கிக்ஸ்டார்ட்டரில் அறிமுகமான ஸ்டிக்பாக்ஸ் என்ற, செல்ஃபி கம்பியாக விரியும் செல்போன் உறைக்கு ஒரு வாரத்துக்குள் அலிஎக்ஸ்பிரஸ் இணையச் சந்தையில் நகல்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. அதைப் படைத்தவர் அப்போது தன் பொருளை உற்பத்தி செய்யவே தொடங்கியிருக்கவில்லை.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்போருக்கு எளிய வழி ஒன்று உண்டு. வடிவமைப்புச் சட்டம் 2000-இன் கீழ் முதலில் இங்கே விண்ணப்பியுங்கள்; இதற்கான பிரிவு கொல்கத்தா காப்புரிமை அலுவலகத்தில் உள்ளது. அந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் சீனாவில் விண்ணப்பித்தால், பாரிஸ் உடன்படிக்கையின்படி இந்திய விண்ணப்ப நாளையே முன்னுரிமை நாளாகக் கோரலாம். இடைப்பட்ட காலத்தில் பொருளை வெளியிட்டாலும் புதுமை கெடாது. ஹேக் ஒப்பந்தத்தின் மூலம் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைச் சேர்க்கும் வசதியில் சீனா 2022 மே 5 முதல் இணைந்துள்ளது. ஆனால் இந்தியா அதில் உறுப்பினர் இல்லை. சிங்கப்பூரில் நிறுவனம் நடத்தும் தமிழர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. சீனாவில் அலுவலகம் இல்லாதவர்கள் அந்நாட்டின் காப்புரிமை முகவர் ஒருவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முகவரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். "எங்களுக்குத் தெரிந்தவர் இருக்கிறார், நாங்களே பதிந்து தருகிறோம்" என்று தொழிற்சாலை சொன்னால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தின் உயிர் படங்களில்தான் இருக்கிறது. முன், பின், இடம், வலம், மேல், கீழ் என ஆறு பக்கத் தோற்றங்களும் ஒரே அளவீட்டில், ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்க வேண்டும்; முன்பக்கப் படத்தில் உள்ள பொத்தான் பக்கவாட்டுப் படத்தில் விடுபட்டிருந்தால் அதுவே பின்னாளில் எதிராளியின் ஆயுதமாகும். ஒரே விண்ணப்பத்தில் 10 ஒத்த வடிவங்கள் வரை சேர்க்கலாம் என்பதால், நீங்கள் கைவிட்ட மாற்று வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள். நகலெடுப்பவர்கள் சின்னஞ்சிறு மாற்றம் செய்து ஒதுங்குவது பெரும்பாலும் அந்த மாற்று வடிவங்களின் பக்கம்தான். 2021 திருத்தத்துக்குப் பிறகு பொருளின் ஒரு பகுதிக்கு மட்டும் காப்புரிமை கேட்கவும் முடிகிறது. உங்கள் ஸ்பீக்கரில் தனித்து நிற்பது மேல்மூடியின் அலைவடிவம்தான் என்றால், அந்தப் பகுதியைத் தொடர்கோட்டிலும் மற்றவற்றை விட்டுவிட்ட கோட்டிலும் வரைந்து தனி விண்ணப்பம் போடுங்கள். அடிப்பகுதியை முழுக்க மாற்றிவிட்டு மேல்மூடியை மட்டும் திருடுபவரை அதன் மூலம் பிடிக்கலாம்.

சாதனம் இயங்கும் முறையிலும் புதுமை இருந்தால் இன்னொரு விதியையும் கவனியுங்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, இங்கே வசிப்பவர் ஒரு கண்டுபிடிப்புக்கு முதலில் வெளிநாட்டில் விண்ணப்பிக்க முன் அனுமதி வேண்டும். இல்லையேல் இந்தியாவில் விண்ணப்பித்துவிட்டு ஆறு வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

ஒப்பந்தமும் சிவப்பு முத்திரையும்

இணையத்தில் கிடைக்கும் ஆங்கில ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். அந்தத் தாளால் சீனாவில் பயன் மிகக் குறைவு. வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பை அங்கே நிறைவேற்றிக்கொள்வது கடினம் என்பதால், ஒப்பந்தம் சீன மொழியில், சீனச் சட்டத்தின் கீழ், தொழிற்சாலை அமைந்துள்ள ஊரின் நீதிமன்றத்துக்கு உட்பட்டதாக இருப்பதே நல்லது. ரகசியத்தை வெளியிடாமை, தானே பயன்படுத்தாமை, உங்களைச் சுற்றிவளைத்து உங்கள் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்காமை ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். இதைத் தொழிலில் என்என்என் ஒப்பந்தம் என்பார்கள். மீறினால் எவ்வளவு தொகை என்பதை யுவானில், நம்பத்தகுந்த அளவில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வடிவத்தையோ அதிலிருந்து பிறந்த எதையுமோ தொழிற்சாலை தன் பெயரிலும், தன் உரிமையாளர், ஊழியர் பெயரிலும் பதியக் கூடாது. பதிந்திருந்தால் உங்களுக்கு மாற்றித் தர வேண்டும் என்ற வரி தனியாக இடம்பெறட்டும்.

கையெழுத்து மட்டும் போதாது. சீன நிறுவனத்தை முறையாகக் கட்டுப்படுத்துவது அதன் முத்திரை: நடுவில் நட்சத்திரம், அதைச் சுற்றி நிறுவனத்தின் சீனப் பெயர் கொண்ட வட்டமான சிவப்பு முத்திரை. தொழில் உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள 18 இலக்க ஒருங்கிணைந்த அடையாள எண்ணும் சீனப் பெயரும் ஒப்பந்தத்திலும் முத்திரையிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று சீன மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு சரிபாருங்கள். மின்னஞ்சலில் வரும் ஆங்கிலப் பெயருக்குச் சட்ட மதிப்பு இல்லை. பணம் போகும் வங்கிக் கணக்கு வேறு பெயரில், அதுவும் ஹாங்காங்கில் இருந்தால், நீங்கள் யாரோடு ஒப்பந்தம் செய்கிறீர்கள் என்பதே கேள்விக்குறி.

மோல்டு யாருடையது?

ஷென்செனில் வெளிக்கூடுகள் இரு வகை. மோல்டு நிறுவனமே தன் செலவில் வெட்டி, கேட்பவர் எவருக்கும் வார்த்து விற்பது பொது மோல்டு. ஒரு வாடிக்கையாளர் பணம் கொடுத்து அவருக்கென்றே வெட்டுவது தனி மோல்டு. ஒரே பவர்பேங்க் பத்துப் பெயர்களில் கடைகளில் கிடைப்பது பொது மோல்டின் விளைவு. செலவு குறைவு என்று பொது மோல்டைத் தேர்ந்தெடுத்தால் அந்த வடிவத்தின் மீது உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அது வேறொருவரின் பதிவை மீறுகிறதா என்பதையும் நீங்களே விசாரிக்க வேண்டும், ஏனெனில் இறக்குமதி செய்து விற்பவர் என்ற முறையில் வழக்கு உங்கள் மீதுதான் வரும்.

தனி மோல்டு என்றால், அதன் முழு விலையைக் கொடுத்து, அது உங்கள் சொத்து என்பதைத் தனி ஒப்பந்தமாக எழுதி வாங்குங்கள். "மோல்டு இலவசம், ஆர்டர் மட்டும் தாருங்கள்" என்ற சலுகையை ஏற்றால் மோல்டு அவர்களுடையதாகவே இருக்கும். மோல்டு அடித்தளத்தில் உங்கள் நிறுவனப் பெயரையும் வரிசை எண்ணையும் செதுக்கச் சொல்லி, இரு பாதிகளையும் திறந்துவைத்துப் படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். மோல்டு முடிந்ததும் டி1 என்று சொல்லப்படும் முதல் சோதனை வார்ப்பு நடக்கும். நகலெடுப்பவர் கைக்கு மாதிரிகள் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். எத்தனை வார்த்தார்கள், எத்தனை உங்களிடம் வந்தன, மீதி நொறுக்கப்பட்டனவா என்று கணக்குக் கேளுங்கள். முடிந்தால் வெளிக்கூட்டை ஒரு தொழிற்சாலையிலும் சர்க்யூட் போர்டை இன்னொன்றிலும் செய்வித்து, மென்பொருள் ஏற்றுவதை உங்கள் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டருக்கு மேல் கூடுதலாகச் செய்து பின்வாசல் வழியாக விற்கும் பழக்கத்தை இது வெகுவாகக் குறைக்கும்.

பெயர் பற்றியும் ஒரு சொல். சீனாவில் வணிகச் சின்னத்துக்கும் முதலில் விண்ணப்பித்தவருக்கே பொதுவாக உரிமை. ஐபேட் என்ற பெயருக்காக ஆப்பிள் 2012-இல், அதைச் சீனாவில் முன்பே பதிந்திருந்த புரோவியூ நிறுவனத்துக்கு 6 கோடி டாலர் கொடுத்தது. சீனாவில் விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் உங்கள் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

நகல் வந்துவிட்டால்

உடனே தொழிற்சாலைக்குக் கோபமாகச் செய்தி அனுப்பாதீர்கள். கடைப்பக்கம் மறைந்துவிடும், சான்றும் போய்விடும். முதலில் சீன முகவர் மூலம், நோட்டரி முன்னிலையில் அந்த நகலை வாங்கி முத்திரையிட்டு வையுங்கள். அடுத்து, அறிவுசார் சொத்து நிர்வாகத்திடம் உங்கள் காப்புரிமை பற்றிய மதிப்பீட்டு அறிக்கையைக் கேளுங்கள். பதிவின்போது நடக்காத புதுமை ஆய்வு அதில்தான் நடக்கிறது. நீதிமன்றமும் இணையச் சந்தைகளும் அதைப் பெரிதும் மதிக்கின்றன. அறிக்கை சாதகமாக இருந்தால் விற்பனைப் பக்கங்களை நீக்கச் சொல்லலாம், வழக்கும் தொடுக்கலாம். நட்டத்தைக் கணக்கிட முடியாதபோது நீதிமன்றம் 30,000 யுவான் முதல் 50 லட்சம் யுவான் வரை இழப்பீடு வழங்கலாம். சீனச் சுங்கத் துறையில் காப்புரிமையைப் பதிந்துவைத்தால், ஏற்றுமதியாகும் நகல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்தவும் வழியுண்டு.

அமெரிக்கச் சந்தைக்குப் போகும் நகல்களுக்கு, அந்நாட்டின் சர்வதேச வர்த்தக ஆணையத்தில் 337-ஆம் பிரிவின் கீழ் இறக்குமதித் தடை கோரலாம். நின்றபடி ஓட்டும் இருசக்கர மின்வண்டியைச் செய்த செக்வே நிறுவனம் 2014-இல் சீனாவின் நைன்பாட் உள்ளிட்டோர் மீது அங்கே புகார் செய்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் நைன்பாட் செக்வேயையே விலைக்கு வாங்கிவிட்டது. ஆகவே அந்த வழி எப்படி முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது; செலவும் மிக அதிகம்.

புகார் உங்கள் மீது வந்தால் பதற வேண்டாம். அந்தக் காப்புரிமையின் விண்ணப்ப நாளுக்கு முந்தைய தேதியிட்ட இணையப் படங்கள், கண்காட்சிக் கையேடுகள், பழைய விளம்பரங்கள் ஆகியவற்றைத் தேடித் திரட்டி, அதைச் செல்லாததாக்க மனு செய்யுங்கள். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். உங்கள் வடிவத்தையே தொழிற்சாலை திருடிப் பதிந்திருந்தால், தேதியுடன் கூடிய கேட் (CAD) எனப்படும் கணினி வரைபடக் கோப்புகளும், அவற்றை இணைத்து அனுப்பிய மின்னஞ்சல்களும் உரிமை வழக்குக்கு அடித்தளமாகும்.

இந்தியாவில் விற்பனையாகும் நகல்களுக்கு வடிவமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு உதவும். அதில் குறிப்பிட்ட தொகையாகக் கோரினால் ஒரு வடிவத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய்தான் என்பதால், இழப்பீட்டோடு தடையுத்தரவும் கோரி வழக்குத் தொடுப்பதே பயன்தரும். பதியக்கூடிய வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 பிரதிகளுக்கு மேல் செய்துவிட்டால், பதிப்புரிமை கோரும் வாய்ப்பும் பறிபோகும். இந்தியப் பதிவுச் சான்று கைக்கு வந்ததும், 2007-ஆம் ஆண்டின் சுங்க விதிகளின்படி அதைச் சுங்கத் துறையிலும் பதிந்துவையுங்கள். அசல் பொருளையும் நகலையும் பிரித்தறியும் அடையாளங்களைப் படத்துடன் ஒரே பக்கத்தில் எழுதி இணைத்தால், துறைமுகத்தில் பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்குச் சரக்கை நிறுத்திவைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது எளிதாக இருக்கும்.