பிவிசியா, இல்லையா? செம்புக் கம்பியில் சுட்டுப் பார்க்கலாம்

ஒரு பிளாஸ்டிக் துண்டு பிவிசிதானா என்று சந்தேகம் வந்தால் ஒரு சாண் செம்புக் கம்பியும் நீலமாக எரியும் காஸ் தீயும் போதும். 1872-இல் பைல்ஷ்டைன் என்ற வேதியியலாளர் வெளியிட்ட சோதனை இது.

வீட்டு வயரிங் கம்பியையே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் மேலுறையும் பெரும்பாலும் பிவிசிதான், அதை உரித்தபின் உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுங்கள். நான் முதல் தடவை தேய்க்காமல் விட்டதில் பால் பாக்கெட் உட்பட எதை வைத்தாலும் பச்சையாக எரிந்தது. கையில் உப்பு, வியர்வை இருந்தாலும் ஏமாற்றும்.

கம்பியின் நுனியைச் சுருட்டி, மறுமுனையைக் கட்டிங் பிளேயரில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பச்சை நிறம் துளிகூட வராத வரை சுட வேண்டும். ஆறியதும் நுனி கறுத்திருக்கும், அது காப்பர் ஆக்சைடு, நமக்கு வேண்டியதே அதுதான். இப்போது மறுபடி சூடாக்கி, பிளாஸ்டிக்கை லேசாகத் தொட்டு, கடுகளவு ஒட்டினால் போதும், மீண்டும் தீக்குள் கொண்டுபோங்கள். முதலில் மஞ்சளாகப் புகைந்து எரியும், அது கரிப்பொருள், கண்டுகொள்ள வேண்டாம். அப்புறம் கம்பியைச் சுற்றிப் பளிச்சென்று பச்சை வந்தால் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசியாக இருக்கலாம்.

வெறும் செம்பு இந்தச் சூட்டில் ஆவியாகாது, அதனால் தீக்கு நிறமும் தராது. பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். சூட்டில் கார்பனை விட்டுக் கழன்ற குளோரின், கம்பி மேலிருக்கும் ஆக்சைடோடு சேர்ந்து காப்பர் குளோரைடாக மாறுகிறது, அது எளிதில் ஆவியாகும், தீக்குள் போன செம்புதான் அந்தப் பச்சை. புரோமின், அயோடின் இருந்தாலும் பச்சை வரும், யூரியாவும் பச்சை காட்டும், ஆகவே இதை மட்டும் வைத்துச் சத்தியம் செய்யாதீர்கள். காப்பர் ஃபுளூரைடு அப்படி ஆவியாகாது என்பதால் ஃபுளூரின் உள்ள டெஃப்லானுக்கு (நான்-ஸ்டிக் பூச்சு) பச்சை வராது. அதைச் சுடவும் வேண்டாம், புகை நச்சு.

பிவிசி புகையும் நல்லதில்லை, ஹைட்ரஜன் குளோரைடு தொண்டையைப் பிடிக்கும். காற்றோட்டமான வெளியிடத்தில் கடுகளவோடு நிறுத்துங்கள். பெயிண்ட் ரிமூவர் போன்ற குளோரின் கரைப்பான்களைத் தீக்கு அருகிலேயே கொண்டுபோகக் கூடாது, பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். பழைய வயரை மொத்தமாகக் கொளுத்திச் செம்பு எடுக்கும் இடத்திலும் இதே பச்சைதான் தெரியும், அங்கே நின்று வேடிக்கை பார்க்காதீர்கள், செம்பும் குளோரினும் சேர்ந்த அந்தப் புகையில் டையாக்சின் என்ற கொடிய நச்சும் இருக்கும்.