கை தூக்காத பிள்ளைகளுக்காக: ஒரு கணக்கு டீச்சரின் வழிமுறைகள்

வடசென்னையில் ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கு நடத்துகிறேன். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "இந்தப் பசங்க வாயே திறக்க மாட்டேங்கறாங்க மிஸ், என்ன செய்யறது?" என்பதுதான். பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று முடிவுகட்டி, ஊக்கம் கொடுத்துப் பேச யாரையாவது வரவழைக்கலாமா என்றும் கேட்பார்கள். நான் பார்த்தவரை, கை தூக்காத பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குப் பதில் ஓரளவு தெரியும். தப்பாகிவிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள், மிஸ் ஏதாவது சொல்லிவிடுவார் என்ற பயத்தில்தான் கை மேலே வருவதில்லை. அந்தப் பயத்தை வகுப்பிலிருந்து எடுப்பது நம் முதல் வேலை. அதற்குப் பேச்சாளர் தேவையில்லை. தினமும் நாம் செய்கிற சில காரியங்களை மாற்றிக்கொண்டால் போதும்.

காலையில் முகத்தைப் பாருங்கள்

வருகைப்பதிவை இப்போது போனில் போட வேண்டியிருக்கிறது. நெட் சுற்றிக்கொண்டே இருக்கும், நம் கண்ணும் திரையிலேயே இருக்கும். "பிரசென்ட் மிஸ்" என்று சொன்ன பிள்ளையின் கண் அழுது வீங்கியிருப்பது தெரியாமலே போய்விடும். அதனால் முதலில் பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள், அப்புறம் போனை எடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "ஏய், மூணாவது பெஞ்சு" என்று கூப்பிடுகிற டீச்சரிடம் எந்தப் பிள்ளையும் மனசைத் திறக்காது.

சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்பதாக இருக்கட்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-ல் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை என்றுதான் தொடங்கியது. ஐந்தாவது வரை பள்ளியில் காலையில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் மதியச் சத்துணவு வரை வெறும் வயிற்றோடு இருக்கலாம். பதினொரு மணிக்கு அந்தப் பிள்ளை பக்கத்தில் இருப்பவனிடம் எரிந்து விழுந்தால், அதை ஒழுங்கீனம் என்று எழுதிவிடாதீர்கள். என் மேஜை டிராயரில் பிஸ்கட் பாக்கெட் எப்போதும் இருக்கும். யாருக்குக் கொடுக்கிறேன் என்று வகுப்புக்குத் தெரியாமல் கொடுப்பேன்.

பிள்ளைகள் வரும் வீடுகளின் காலண்டரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டுப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பதோ ஜூன் தொடக்கத்தில். வீட்டில் காசு இல்லாத அந்த வாரத்தில் "லாங் சைஸ் நோட்டு ஏன் வாங்கல? எழுந்து நில்லு" என்று கேட்டால், வருடம் முழுக்க அந்தப் பிள்ளை நம் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். நான் ஜூன் மாதத்தில் நோட்டு கேட்பதே இல்லை. எதில் வேண்டுமானாலும் எழுது, தேதி மட்டும் போடு என்பேன்.

கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்

இது சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை என்று தெரிந்தது. மூன்று நொடி காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். அதுவரை முதல் பெஞ்சின் கைகளைக் கண்டுகொள்ள மாட்டேன்.

அதோடு, எல்லோரும் எழுதிக் காட்டுகிற மாதிரிக் கேளுங்கள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஆசிரியர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம். எழுதலாம், அழிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ஏற்பாடு தொடக்க வகுப்புகளுக்கானது. ஆனால் அதன் சூட்சுமத்தை நான் எட்டாம் வகுப்பிலும் பயன்படுத்துகிறேன். ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்து, விடையை எழுதி என் பக்கம் மட்டும் காட்டச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

தப்பான விடை வந்தால்

ஏழாம் வகுப்பில் முழுக்கள் நடத்தும்போது ஒரு பையன் போர்டில் −7 + 3 = −10 என்று எழுதினான். பின்னால் சிரிப்பு கிளம்பியது. இந்த இடத்தில்தான் டீச்சர் என்ன செய்கிறார் என்று வகுப்பே கவனிக்கும். "தப்பு, உட்காரு, அடுத்தவன் வா" என்றால் கதை முடிந்தது. நான் சாக்பீஸை அவன் கையிலேயே விட்டுவிட்டு, "எப்படிப்பா யோசிச்ச?" என்று கேட்டேன்.

"ஏழும் மூணும் பத்து மிஸ். மைனஸ் முன்னாடியே கீதுல்ல, அத்த அப்டியே போட்டேன்."

"சரி. இதே மாதிரி யோசிச்சவங்க இன்னும் யார் யாரு? கை தூக்குங்க."

ஒன்றிரண்டு கைகள் தயங்கித் தயங்கி வந்தன. அப்புறம் கிட்டத்தட்டப் பாதி வகுப்பு. சிரித்தவர்களில் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். அவன் திரும்பிப் பார்த்தான்.

"கடைக்கார அண்ணனுக்கு ஏழு ரூபா பாக்கி வச்சிருக்க. மூணு ரூபா குடுத்துட்ட. இப்ப?"

"நாலு."

"நாலு ரூபா உன் கையில இருக்கா, நீ குடுக்கணுமா?"

"குடுக்கணும் மிஸ்" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் அழித்துவிட்டு −4 என்று எழுதினான். திருத்தியது அவன் கைதான். அதைத்தான் நான் வகுப்புக்குச் சொன்னேன்: "பாத்தீங்களா, தானா கண்டுபிடிச்சு மாத்திட்டான்." இதற்கு ஆன நேரம் மூன்று நிமிடம் இருக்கும். பாடம் முடிக்க வேண்டிய அவசரத்தில் இந்த மூன்று நிமிடத்தைத்தான் நாம் முதலில் வெட்டுகிறோம்.

"எப்படி யோசிச்ச?" என்பதைச் சரியான விடைக்கும் கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

நோட்டிலும் விடைத்தாளிலும்

பக்கம் முழுக்கக் குறுக்கே சிவப்புக் கோடு போடுவதை நிறுத்துங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாளிலேயே கணக்கில் படிப்படியாக மதிப்பெண் கொடுக்கிறோம். கடைசி விடை தப்பானாலும் சூத்திரம் எழுதியதற்கு, மதிப்பைப் பிரதியிட்டதற்கு மார்க் உண்டு. அந்த நியாயத்தை ஆறாம் வகுப்பு நோட்டுக்கும் கொடுக்கலாம். சரியான வரிக்கெல்லாம் டிக். எந்த வரியில் வழி மாறியதோ அங்கே ஒரு சின்னப் புள்ளி. பக்கத்தில் ஒரு வரி: "இதுவரை சரி. அடைப்புக்குறியை நீக்கும்போது குறியை மறுபடி பார்." முட்டை மார்க் மட்டும் வாங்கும் பிள்ளைக்குத் தனக்கு எதுவுமே தெரியாது என்றுதான் படும். மூன்று டிக்கும் ஒரு புள்ளியும் பார்த்தால் எவ்வளவு தெரியும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்று. 1988-ல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையை நன்றாகச் செய்தார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் கண் குறிப்புக்குப் போவதில்லை, அவ்வளவுதான். அதனால் மாதத் தேர்வுத் தாளை முதல் நாள் குறிப்போடு மட்டும் கொடுக்கிறேன். பிள்ளைகள் திருத்தி எழுதுவார்கள். மறுநாள்தான் மார்க். "எவ்ளோ மிஸ், எவ்ளோ மிஸ்" என்று ஆரம்பத்தில் நச்சரிப்பார்கள், போகப்போகப் பழகிவிடும். மார்க்கை ஒருபோதும் சத்தமாக வாசிக்காதீர்கள்.

பாராட்டும்போது "வெரி குட்" என்பதோடு நிறுத்தாமல், எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். "போன வாரம் பின்னத்தைக் கண்டா ஓடின, இன்னிக்கு மீ.சி.ம. நீயே எடுத்துட்ட" என்று சொன்னால் பிள்ளை நம்பும். பொய்ப் பாராட்டைப் பிள்ளைகள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சொல்லவே கூடாத வார்த்தைகள்

மக்கு, தண்டம், உருப்பட மாட்ட, மாடு மேய்க்கத்தான் லாயக்கு. நிறத்தையும் உடம்பையும் சொல்லும் பட்டப்பெயர்கள். "அக்கா எவ்ளோ நல்லா படிச்சா, நீ ஏன் இப்படி?" எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு: "ஹவுசிங் போர்டு பசங்கதானே." குடிசைகளை எடுத்துக் குடும்பங்களை நகரின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பும்போது பிள்ளைகள் வருட நடுவில் பள்ளி மாறுகிறார்கள். சிலர் பழைய பள்ளியை விட மனமில்லாமல் விடியற்காலையில் பஸ் பிடித்து அங்கிருந்து வருகிறார்கள். தாமதமாக வந்ததற்கு வெளியே நிற்க வைக்கும் முன் எங்கிருந்து வருகிறாய் என்று கேளுங்கள். ஊக்கத்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கும்போதும் யார் யார் எடுத்து வரவில்லை என்று வகுப்பில் கூவாதீர்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அடிப்பதை மட்டுமில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவில் தடை செய்திருக்கிறது. வார்த்தையும் அதில் அடங்கும் என்பதைப் பல ஆசிரியர்கள் இன்னும் மனதில் வாங்கவில்லை. எனக்கு அதில் கோபமே உண்டு.

கண்டிக்க வேண்டியதைத் தனியாகக் கண்டியுங்கள். பெற்றோர் கூட்டத்தில் முதல் வாக்கியம் நல்லதாக இருக்கட்டும். மீன் வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த அம்மாவிடம் நாம் கொட்டும் குறையெல்லாம் அன்றிரவு பிள்ளையின் முதுகில்தான் விழும்.

பிள்ளை அழுதுகொண்டு வந்தால்

"அழாதே" என்று சொல்லாதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். மற்றவர்களுக்குக் கேட்காத, ஆனால் கண்ணில் படுகிற இடம் நல்லது, வராண்டா ஓரம் மாதிரி. பிள்ளையின் உயரத்துக்கு நாமும் உட்கார வேண்டும். "சொல்லணும்னு தோணினா சொல்லும்மா, இல்லன்னா சும்மா உட்காரு" போதும். அறிவுரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்" என்று கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்பதுதான் உண்மையான பதில். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி, அதாவது 2012-ம் ஆண்டுச் சட்டப்படி, காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கட்டாயக் கடமை. பள்ளியின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும் அது மாறாது. திரும்பத் திரும்ப விசாரித்துப் பிள்ளையைக் கதை சொல்ல வைக்காதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். இரண்டையும் வகுப்புச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படுமாறு ஒட்டி வையுங்கள்.

"செத்துடலாம் போல இருக்கு மிஸ்" என்று ஒரு பிள்ளை சொன்னால், சும்மா சொல்கிறது என்று தள்ளாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "உன்னை நீயே ஏதாவது செஞ்சுக்கணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். ஹெச்.எம்.மிடம் உடனே சொல்லுங்கள், அன்றே வீட்டில் நம்பகமான ஒருவரை வரவழையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். 1986-லிருந்து சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் சினேகா அமைப்பு இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. "கீழ்ப்பாக்கமா?" என்று பெற்றோர் மிரளுவார்கள். நகரத்துப் பேச்சில் அந்தப் பெயரை அப்படி ஆக்கி வைத்திருக்கிறோம். கூடப் போய் ஓ.பி. சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தால் பாதி மிரட்சி போய்விடும்.

ரிசல்ட் வாரம்

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் தேதி அறிவித்ததும், தேறுவார்களா என்று நமக்குச் சந்தேகம் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். நன்றாகப் படித்து, வீட்டில் நானூற்றைம்பது எதிர்பார்க்கும் பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்க வேண்டும். முதல் நாள் மாலையே கூப்பிடுங்கள். "நாளைக்கு எந்த மார்க் வந்தாலும் மிஸ்ஸுக்குப் போன் பண்ணு" என்று சொல்லுங்கள். துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடும், தேறினால் இதே வருடம் பதினொன்றாவதிலோ பாலிடெக்னிக்கிலோ சேரலாம் என்பதையும் ரிசல்ட்டுக்கு முன்பே அம்மா அப்பாவிடம் சொல்லி வையுங்கள். ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது. அன்று மாலை இன்னொரு முறை கூப்பிடுங்கள். போனை எடுக்கவில்லை என்றால், அதே தெருவில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் வீட்டுக்குப் பேசி, பெரியவர்கள் யாரையாவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.