கல்லின் பெயரை நம்பலாமா? வாங்கும் முன் சோதிக்கும் முறை

நாகர்கோவிலில் என் அத்தை மோதிரத்துக்கு ஒரு மஞ்சள் கல் வாங்கினார். விற்றவர் சொன்னது புஷ்பராகம், அதாவது மஞ்சள் சஃபயர். பில்லில் இருந்தது ‘கோல்ட் டோபாஸ்’. வீட்டில் எடைபோட்டபோது அது இரண்டும் இல்லை, சிட்ரின் என்ற குவார்ட்ஸ் (படிகக்கல் வகை) என்று தெரிந்தது. செவ்வந்திக்கல்லைச் சூடேற்றினாலே இந்த மஞ்சள் வந்துவிடும். பொய்ப் பெயருக்கு அவர் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

1. பெயரைப் பிரியுங்கள். விலையுயர்ந்த கல்லின் பெயருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் சொல்லைக் கவனியுங்கள். ‘ஸ்மோக்கி டோபாஸ்’ புகைநிறக் குவார்ட்ஸ். ‘ஹெர்கிமர் டைமண்ட்’டும் குவார்ட்ஸ்தான். ‘இந்தியன் ஜேட்’ பச்சை அவென்சுரின், அதுவும் குவார்ட்ஸ் வகை. பர்மா மாணிக்கம் போல ஊர்ப்பெயர் சரியாகவே அமைவதும் உண்டு. ஆகவே இது சந்தேகத்துக்கான தொடக்கம் மட்டுமே.

2. “இது என்ன கனிமம்?” என்று கேளுங்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட்டோடு சிர்கானும் கிடைக்கிறது. அது இயற்கைக் கனிமம். ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்பதோ ஆலையில் உருக்கி வளர்க்கும் கியூபிக் சிர்கோனியா. வைரமும் அல்ல, நம் மணலிலுள்ள சிர்கானும் அல்ல.

நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் ‘கோவில் நகைகள்’ பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பதிக்கும் சிவப்புக் கல்லைக் கெம்பு என்பார்கள். கெம்பு என்றால் மாணிக்கம் என்றுதான் பொருள்; இன்று பதிக்கப்படுவது பெரும்பாலும் செயற்கைக் கல் அல்லது கண்ணாடி. அந்த நகையின் மதிப்பு கைவேலையில் இருக்கிறது. அதை மாணிக்க விலைக்கு வாங்காதீர்கள்.

3. பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். ‘ஓபலைட்’டில் உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடி. ‘கோல்ட்ஸ்டோன்’ உள்ளே முக்கோணமும் அறுகோணமுமாகச் செப்புத் தகடுகள் மின்னும், அதுவும் கண்ணாடிதான்.

4. தண்ணீரில் எடைபோடுங்கள். பதிக்காத கல்லுக்கு மட்டும். 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். முதலில் கல்லைத் தனியாக நிறுங்கள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக அமிழ்த்துங்கள். ஒட்டிய காற்றுக்குமிழியை உதறிவிடுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுங்கள். கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பதே விடை.

அத்தையின் கல் 2.12 கிராம், தண்ணீரில் அமிழ்த்தியபோது தராசு காட்டியது 0.80. விடை 2.65, அதாவது குவார்ட்ஸ். டோபாஸ் என்றால் 3.5 அளவில் வந்திருக்கும். கடைகளில் புஷ்பராகம் எனப்படும் மஞ்சள் சஃபயர் என்றால் 4.0.

5. பில்லில் எழுதி வாங்குங்கள். கனிமப் பெயர், இயற்கையா செயற்கையா, சூடேற்றியதா சாயமிட்டதா, எத்தனை காரட் (ஒரு காரட் 0.2 கிராம்) என எல்லாம் இருக்கட்டும். ஆலையில் வளர்த்த சஃபயரும் தண்ணீரில் அதே 4.0 காட்டும் என்பதால், விலையுயர்ந்த கல்லுக்கு ஆய்வகச் சான்றிதழ் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.