குவளையில் ஒன்று, குப்பியில் வேறொன்று: மூலிகை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் மூலிகை ஆய்வுக்குக் குறைவில்லை. கைதடியில் சித்த மருத்துவம் படிக்கிறவர்கள், மருந்தாளர் படிப்புப் படிக்கிறவர்கள், இரசாயனப் பக்கம் இருந்து வருகிறவர்கள் என்று ஆண்டுதோறும் பலர் ஆடாதோடை, தூதுவளை, வல்லாரை, கீழ்க்காய்நெல்லி என ஏதாவது ஒன்றைக் கையில் எடுக்கிறார்கள். அந்த ஆய்வேடுகளை வாசித்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. பிள்ளைகளின் உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பரியாரியார் நோயாளிக்குக் கொடுத்த மருந்து ஒன்று, ஆய்வுகூடத்தில் சோதித்த பொருள் வேறொன்று.

முதல் சறுக்கல் செடியிலேயே நடந்துவிடும். "கீழ்க்காய்நெல்லி, சந்தையில் வாங்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். அப்படி வாங்கிய ஒரு கட்டைப் பத்திரிகைத் தாளில் பிரித்துப் போட்டுப் பாருங்கள். சிலவற்றின் தண்டு பச்சை, சிலவற்றினது சிவப்பு. சிலவற்றில் காய் சிறு காம்போடு தொங்கும், சிலவற்றில் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இவை வெவ்வேறு இனங்கள். நாம் தேடுகிற பில்லாந்தின் என்ற வேதிப்பொருள் இவை எல்லாவற்றிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கலந்த கட்டை அரைத்தால் வருகிற எண் எந்தச் செடியினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கு என்று கொடுத்த மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயரில் அதையொத்த இன்னொன்று சேர்ந்துவிட்டது. சேர்ந்தது அரிஸ்டொலோக்கியா இனம். 100க்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, பலருக்கு அது முற்றாகவே செயலிழந்தது. காரணமான அரிஸ்டொலோகிக் அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கும். அதே குடும்பத்துச் செடிகள்தான் நம்முடைய ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்தும். பழைய வைத்திய முறையில் இருக்கிறது என்பதற்காக இவற்றை உள்மருந்தாகச் சோதிக்கப் புறப்படுகிறவர்கள் தயவுசெய்து ஒரு கணம் நிற்க வேண்டும்.

செடியைப் பூவோடும் காயோடும் பிடுங்கி, அழுத்தி உலர்த்தி, இலக்கமிட்டு, பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் உறுதிசெய்யுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எந்தப் பாகம் என்று குறித்து வையுங்கள். இதற்கு ஒரு கிழமை போகும். போகட்டும்.

அடுத்தது தண்ணீர். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, எனக்கோ இதுதான் பெரிய கவலை.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் வன்மையானது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிற ஓடு அதன் அடையாளம். வெறுந்தேத்தண்ணியைக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மேலே மெல்லிய ஆடை ஒன்று மிதக்கும். கல்சியம், தேயிலையின் துவர்ப்புப் பொருட்களான பொலிபீனோல்கள், காற்று மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை அது. தேயிலைக்கு நடப்பது கடுக்காய்க்கோ நெல்லிக்கோ நடக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்? வீட்டில் அம்மா கிணற்றுத் தண்ணீரில் குடிநீர் (கஷாயம்) வைக்கிறார், மாணவர் வடித்த நீரில் வைக்கிறார். இரண்டும் ஒரே மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடாது. இரண்டிலும் வைத்துப் பொலிபீனோல் அளவை ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நாள் வேலைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. உரம் அள்ளிப் போட்ட தோட்டங்களின் காரணமாக நம் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பது பல காலமாக அறிந்த விடயம். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று ஆவியாகிப் போகாது, தங்கிவிடும். எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சினால், எல்லைக்குள் இருந்த 50 மில்லிகிராம் லீற்றருக்கு 400 ஆகிவிடும். பெரியவர்கள் ஒரு அவுன்ஸ் குடிப்பதால் மொத்த அளவு பெரிதாக இராது. ஆனால் கைக்குழந்தைக்குப் புகட்டுவதென்றால் இதை யோசிக்காமல் விட முடியாது. ஆய்வுக்கும் இது முக்கியம். மருந்தோடு ஒப்பிடுவதற்கு நீங்கள் வைக்கிற வெறும் தண்ணீரையும் அதே கிணற்றிலிருந்து எடுத்து, அதே அளவுக்குச் சுண்டக் காய்ச்சி வைக்க வேண்டும். அப்படிச் செய்த ஆய்வேடு ஒன்றைக்கூட நான் இன்னும் காணவில்லை.

தண்ணீருக்குப் பதிலாக மெதனோல் என்ற கரைப்பானில் ஊறவைப்பவர்கள் இன்னொரு வகை. புதிய மூலக்கூறு தேடுகிறோம் என்றால் சரி, அதைத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் மெதனோல் சாற்றில் கண்டதை வைத்து "பாரம்பரியக் குடிநீரின் பயன் நிரூபிக்கப்பட்டது" என்று முடிவுரை எழுதுவதுதான் தவறு. செய்முறைக்குள்ளும் அறிவு இருக்கிறது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்கிற செடியை வெப்பமேற்றி எடுத்த சாறுகள் நம்பகமாக வேலை செய்யவில்லை. செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று சுமார் 1,600 ஆண்டு பழைய சீனக் குறிப்பு ஒன்று சொன்னது. அவிக்கச் சொல்லவில்லையே என்பதைக் கவனித்த சீன விஞ்ஞானி தூ யூயூ, 1971இல் ஈதர் கொண்டு குறைந்த வெப்பத்தில் சாற்றை எடுத்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கரைப்பானை மாற்றினார்தான், ஆனால் பழைய குறிப்பை ஒவ்வொரு சொல்லாக வாசித்த பிறகு மாற்றினார்.

அளவு விடயத்தில் கணக்குப் பிழைகள் மலிந்து கிடக்கின்றன. பக்டீரியாத் தட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் சாற்றை விட்டுவிட்டு, சாற்றைச் சுற்றிப் பக்டீரியா வளராமல் வட்டம் தெளிந்தது என்று மகிழ்கிறார்கள். அந்தச் செறிவு எந்த மனிதரின் இரத்தத்திலும் வராது. எலுமிச்சை, நெல்லி போன்றவற்றில் புளிப்பு மட்டுமே அந்த வட்டத்தை உண்டாக்கியிருக்கலாம், பி.எச். பார்த்தீர்களா? சாற்றைக் கரைத்த டி.எம்.எஸ்.ஓ.வை மட்டும் தனியாக ஒரு குழியில் விட்டீர்களா? வட்டத்தின் விட்டத்தை நம்பாமல், வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டுபிடியுங்கள்.

எலியிலும் இதே கதைதான். எலிக்கு ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு 500 மில்லிகிராம் சாறு கொடுத்தோம், பயன் தெரிந்தது என்று எழுதுகிறார்கள். உடல் மேற்பரப்பை வைத்து மனித அளவுக்கு மாற்ற 6.2ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 80 மில்லிகிராம் வரும். 60 கிலோ ஆளுக்கு 4.8 கிராம் சாறு. காய்ந்த இலை 100 கிராமில் 10 கிராம் சாறு கிடைத்ததென்றால், ஒருவர் நாளுக்கு 48 கிராம் காய்ந்த இலை உட்கொள்ள வேண்டும். பரியாரியார் 5 கிராம் சூரணம்தான் கொடுக்கிறார் என்றால், நீங்கள் சோதித்தது அதைப்போல ஏறக்குறையப் பத்து மடங்கு. இந்தக் கணக்கை எலி வாங்கும் முன்பே ஒரு தாளில் போட்டுவிடுங்கள்.

சூரணத்தை மாத்திரையாக்கும் ஆசை இப்போது பலருக்கும் உண்டு, நல்லதுதான். ஆனால் மூலிகைச் சாறு ஈரத்தை இழுக்கும். மாரி காலத்தில் போத்தலுக்குள் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 40 பாகை செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதனில் ஆறு மாதம் வைத்துப் பார்க்காமல் காலாவதித் திகதி போட வேண்டாம்.

கூட்டு மருந்தைப் பிரித்துப் பிரித்துச் சோதிப்பது இன்னொரு தவறு. வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் எத்தனை மருந்துகளில் சேர்கிறது! மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், மற்ற மருந்துகள் உடலில் சேரும் அளவையே மாற்றும். மஞ்சளில் உள்ள கர்குமினை 2 கிராம் எடுத்து, அதோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது மனிதரில் உறிஞ்சப்பட்ட அளவு சுமார் 20 மடங்கு கூடியதாக 1998இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. மஞ்சளைத் தனியே சோதித்து "பயனில்லை" என்று எழுதுகிறவர் அதே மஞ்சளை மிளகோடு சேர்த்துச் சோதித்தாரா என்று பார்க்க வேண்டும்.

இதே பைப்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின், ஆஸ்துமாவுக்கான தியோபிலின் போன்றவற்றின் இரத்த அளவையும் கூட்டும். ஆகவே நோயாளிகளிடம் ஆய்வு செய்கிறவர்கள், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்திவிடக் கூடாது. "ஒன்றுமில்லை" என்று சொன்ன அம்மா ஒருவரிடம், "தடிமனுக்கு என்ன அம்மா செய்வீங்கள்?" என்று கேட்டேன். "அது மருந்தே தம்பி? மல்லியும் வேர்க்கொம்பும் திப்பிலியும் அவிச்சு ரெண்டு நேரமும் குடிக்கிறனான்" என்றார். படிவத்தில் அந்த இரண்டாவது கேள்விக்கும் ஒரு வரி விடுங்கள்.