கான்ஸ்டன்டைன் வீட்டு உறவினர்கள்: பழைய ரோமானியச் செப்புக் காசு சேர்க்கத் தொடங்குவோருக்கு

பேரரசர் கான்ஸ்டன்டைனின் காசைத் தேடிப் பிடிப்பது பெரிய காரியமில்லை. கழுவாத காசுகளைக் கைநிறைய வாங்கினால் அதில் அவருடையதும் அவர் மகன்களுடையதும் எப்படியும் இருக்கும். எனக்குப் பிடித்தவர்கள் அந்த வீட்டின் மற்ற ஆட்கள். அம்மா ஹெலெனா, அப்பாவின் இரண்டாவது மனைவி தியோடோரா, மனைவி ஃபௌஸ்டா, மூத்த மகன் கிறிஸ்பஸ், மாற்றாந்தாய் வழித் தம்பியின் பிள்ளைகளான டெல்மாட்டியுஸும் ஹன்னிபாலியானுஸும். இவர்களில் சிலர் பெயரில் இரண்டே வருடம்தான் காசு அடித்திருக்கிறார்கள். அப்புறம் ஆளையே தீர்த்துவிட்டார்கள்.

இந்தப் பதிவு கி.பி. 324 முதல் 340 வரையிலான காலத்துக்கு மட்டும். தொடங்குபவர்களுக்கு இந்தச் சின்ன வட்டமே போதும்.

கருவிகள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் தராசு, அகலம் அளக்க ஒரு பிளாஸ்டிக் வெர்னியர். கணினியில் செருகும் நுண்ணோக்கி வாங்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். நானும் வாங்கினேன், டிராயரில் தூங்குகிறது. அதைவிட உருப்படியானது மேசை விளக்குதான். விளக்கைக் காசின் மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துக் காசை மெதுவாகச் சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிந்த இடத்தில் எழுத்தின் நிழல் எழும்பும்.

கழுவுவது

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகலாம். நடுநடுவே மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம், மூங்கில் பல்குச்சியால் மண்ணை நெம்பலாம். அவ்வளவுதான். பித்தளைக் குத்துவிளக்கு துலக்கிய கை சும்மா இருக்காது, புளியைத் தேடும். வேண்டாம். புளியோ எலுமிச்சையோ வினிகரோ பட்டால் மேலே படிந்த பச்சைப் படலம் போய்விடும். எழுத்தும் முகமும் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் நிற்கின்றன. உள்ளே இருக்கும் உலோகத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

முதலில் பூ, அப்புறம் தலை

எல்லோரும் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். இந்தக் காசுகளில் அது வீண் வேலை, இளவரசர்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம். பூப் பக்கத்தைத் திருப்புங்கள்.

பெண்களின் காசு என்றால் வேலை சுலபம். ஒரு பெண் நின்றுகொண்டு கையில் கிளையைத் தாழ்த்திப் பிடித்திருந்தால், காசும் 18 முதல் 20 மில்லிமீட்டர் அகலம் இருந்தால், உயிரோடு இருந்தபோது ஹெலெனாவுக்கு அடித்தது. இரண்டு குழந்தைகளை அணைத்தபடி நின்றால் ஃபௌஸ்டா. 324-இல் இருவருக்கும் ‘அகஸ்டா’ என்ற பேரரசிப் பட்டம் கொடுத்த கான்ஸ்டன்டைன், 326-இல் மகன் கிறிஸ்பஸையும் மனைவி ஃபௌஸ்டாவையும் சாகடித்தார். அதனால்தான் மாமியார் காசு கிடைக்கிற அளவுக்கு மருமகள் காசு கிடைப்பதில்லை.

அகலம் 15 மில்லிமீட்டர், எடை ஒன்றரை கிராம் அளவில் இருந்தால் அது 337-க்குப் பிறகு, இறந்துபோனவர்களின் நினைவுக்காக அடித்தது. இங்கே ஹெலெனாவும் தியோடோராவும் பக்கத்துப் பக்கத்தில் வருவார்கள். தலைப் பக்கப் பெயர் இருவருக்கும் நான்காம் வேற்றுமையில், ‘இன்னாருக்கு’ என்ற பொருளில், ஒரே மாதிரி முடியும். காசின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் ஆளைப் பிரிக்க முடியாது. பூப் பக்கப் பெண் மார்போடு குழந்தையை அணைத்திருந்தால் தியோடோரா, கையில் கிளையும் குறுக்காகச் செங்கோலும் இருந்தால் ஹெலெனா.

ஹெலெனாவை விலக்கிவைத்த பிறகுதான் கான்ஸ்டன்டைனின் அப்பா கான்ஸ்டன்டியஸ், தியோடோராவைக் கட்டினார். கிட்டத்தட்ட சக்களத்திகள். 337 மே 22-இல் கான்ஸ்டன்டைன் இறந்தார். அந்தக் கோடையிலேயே கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) நடந்த படுகொலையில் தியோடோராவின் பேரன்கள் பலர் செத்தார்கள். அதன் பிறகு அதே தியோடோராவுக்கு நினைவுக் காசு! இரண்டையும் அருகருகே ஒரே தட்டில் வைத்திருக்கிறேன். இந்த ஜோடிக்காகவே சேர்க்கத் தொடங்கலாம்.

டெல்மாட்டியுஸ் என்னும் தலைவலி

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

335-இல் டெல்மாட்டியுஸை ‘சீசர்’, அதாவது இளைய பேரரசர் ஆக்கினார்கள், 337-இல் கொன்றார்கள். அவர் காசின் பூப் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு சிப்பாய்கள், நடுவே ஒரு படைக்கொடி. அதே காலத்தில் கான்ஸ்டன்டைனுக்கும் அவர் மூன்று மகன்களுக்கும் இதே படத்தைத்தான் அடித்தார்கள். ஆகவே பூப் பக்கம் கைகொடுக்காது, பெயரைப் படித்தே ஆக வேண்டும்.

பெயரிலும் ஒரு சிக்கல். தேய்ந்த காசில் இடப்பக்கம் போய், வலப்பக்கம் மட்டும் நிற்கும். அங்கே ‘...டியுஸ்’ என்ற முடிவும், ‘நோப் சி’ என்று சீசர் பட்டத்தின் சுருக்கமும் தெரியும். டெல்மாட்டியுஸுக்கும் அப்படித்தான் முடியும், கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டன்டியுஸுக்கும் அப்படித்தான் முடியும். எட்டு மாதம் ஒரு காசை கான்ஸ்டன்டியுஸ் பொட்டலத்தில் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது நான் செய்வது இது. ‘டியுஸ்’ முடிவுக்கு முந்தைய ஒற்றை எழுத்தில் லூப்பை வையுங்கள். அது ஆங்கில ‘ஏ’ என்றால் டெல்மாட்டியுஸ், ‘என்’ என்றால் கான்ஸ்டன்டியுஸ். அந்தக் காலத்து ‘ஏ’வில் நடுக்கோடு பல சமயம் இருக்காது, கூரை மாதிரி உச்சி மட்டும் கூம்பியிருக்கும். ‘என்’ தேய்ந்தால் இரண்டு நேர்க்கோடுகளாக நிற்கும். உச்சி கூம்புகிறதா, விரிந்திருக்கிறதா? அதை மட்டும் பாருங்கள்.

அந்த எழுத்தும் அழிந்துவிட்டதா? சரி, இடைவெளியைப் பாருங்கள். டெல்மாட்டியுஸின் முழு வாசகம் 15 எழுத்து, கான்ஸ்டன்டியுஸின் வாசகம் 20. அதே வட்டத்தில் ஐந்து எழுத்து குறைந்தால் மீதி எழுத்துகள் தாராளமாக உட்காரும். என் காசைக் காட்டிக்கொடுத்தது இந்த இடைவெளிதான். ‘நோப்’ எழுத்துகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நின்றன. ‘ஏ’வை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

உறுதிசெய்ய அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் இலவச இணையப் பட்டியலில் படங்களோடு ஒப்பிடுங்கள். ‘டால்மாட்டியுஸ்’ என்ற எழுத்துக்கூட்டலிலும் காசு உண்டு, குழம்ப வேண்டாம்.

வைப்பது

ஈரமில்லாத பெட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலம், பிவிசி இல்லாத மைலார் உறை. வெளிர்பச்சை மாவு மாதிரி ஏதாவது உதிர்ந்தால் அந்தக் காசை உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். அது வெண்கலத்தை அரிக்கும் நோய்.

பின்சேர்க்கை 1: “பூப் பக்கத்தின் கீழே ‘கான்ஸ்ட்’ என்று இருக்கிறது, கான்ஸ்டான்டிநோபிள்தானே?” என்று இருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். இல்லை. பிரான்ஸில் உள்ள ஆர்ல் நகரத்துக்கு 328-இல் கான்ஸ்டன்டினா என்று பெயர் மாற்றினார்கள். ‘கான்ஸ்ட்’ அந்த ஊர் நாணயச்சாலையின் முத்திரை, அங்கே எந்தப் பட்டறை அடித்தது என்று காட்டும் எழுத்து அதற்கு முன்னால் வரும். கான்ஸ்டான்டிநோபிளுக்கு ‘கான்ஸ்’ மட்டும்தான், பட்டறை எழுத்து பின்னால் வரும்.

பின்சேர்க்கை 2: ஊரில் ஆற்று மணலில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாமா என்று இன்னொருவர் கேட்டார். கரூர் அமராவதிப் படுகையிலும் இலங்கையிலும் பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் நிறையக் கிடைத்திருப்பது உண்மைதான். ஆனால் மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருடச் சட்டம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசைத் தனி ஆள் இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோவதையும் 1972 சட்டம் தடுக்கிறது.

பின்சேர்க்கை 3: ஹன்னிபாலியானுஸ் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். ரோமர்களுக்கே ஆகாத ‘ராஜா’ என்ற பட்டத்தைக் காசில் போட்டுக்கொண்டவர் அவர். பூப் பக்கத்தில் யூப்ரட்டீஸ் நதித்தெய்வம் சாய்ந்து படுத்திருக்கும். கான்ஸ்டான்டிநோபிளில் மட்டுமே அடித்தது, ஆகவே விலை ஏறும், போலியும் வரும். விற்பவரிடம் காசின் விளிம்பைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வார்ப்பில் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் கோடும், பரப்பில் குண்டூசி முனை அளவுக் குழிகளும் இருக்கும். படம் அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். நான் இரண்டு முறை விட்டிருக்கிறேன், இன்னும் என்னிடம் அது இல்லை.